பிரேக் கட்டை: ஒரிஜினலா, டூப்ளிகேட்டா?

அக்டோபர் 6, காலை

புதுவயலிலிருந்து ஒருவர் கேட்டிருக்கிறார். அவர் எழுதியது அப்படியே:

"மகளுடைய டிஸ்க் பிரேக் சைக்கிளுக்கு பேட் தேய்ந்துவிட்டது. காரைக்குடியில் ஒரு கடையில் சிமானோ என்று கேட்டு ஒரு ஜோடி வாங்கினேன். வீட்டுக்கு வந்து பார்த்தால் அட்டையில் மலேசியா என்று போட்டிருக்கிறது. காந்தத்தை வைத்தேன், கப்பென்று ஒட்டுகிறது. ஹாலோகிராம் ஒன்றையும் காணோம். ஜப்பான் கம்பெனிக்கு மலேசியா எங்கிருந்து வந்தது? இது டூப்ளிகேட் தானே? கடையில் போய்ச் சண்டை போடலாமா?"

இப்போதைக்கு ஒரே பதில்: சண்டைக்குப் போகாதீர்கள். மீதியை ராத்திரி எழுதுகிறேன்.

அக்டோபர் 6, இரவு

மலேசியாவிலிருந்து ஆரம்பிக்கிறேன். சிமானோ 1921-ல் ஜப்பானில் சகாய் என்ற ஊரில் தொடங்கிய கம்பெனி, சைக்கிள் பாகங்கள் செய்கிறவர்கள். 1973-லேயே சிங்கப்பூரில் தொழிற்சாலை போட்டுவிட்டார்கள். அப்புறம் மலேசியா, சீனா, இந்தோனேசியா என்று பல இடங்களில் செய்கிறார்கள். அட்டையில் ஜப்பான் என்று இல்லாததால் போலி என்று சொல்ல முடியாது. சொல்லப்போனால், போலி அடிக்கிறவன் 'ஜப்பான்' என்று போடத்தான் ஆசைப்படுவான். அதைத்தானே வாங்குகிறவர் எதிர்பார்க்கிறார்.

பார்கோடு எண்ணைப் பார்த்து நாடு கண்டுபிடிக்கலாம் என்று வாட்ஸ்அப்பில் ஒன்று சுற்றுகிறது. 890 இந்தியா, 471 தைவான், 690-லிருந்து 699 வரை சீனா. எண்கள் சரிதான். ஆனால் அந்தப் பார்கோடை எந்த நாட்டில் பதிந்து வாங்கினார்கள் என்பதைத்தான் அது காட்டும். சாமானை எங்கே செய்தார்கள் என்பது அதில் தெரியாது. பார்கோடை நகல் எடுக்க ஒரு செல்போன் போதும் என்பதையும் சேர்த்துக்கொள்ளுங்கள்.

அடுத்து காந்தம். டிஸ்க் பேடில் முதுகுத் தகடு ஒன்று இருக்கும், அதன் மேல்தான் உராயும் பொருளை ஒட்டியிருப்பார்கள். சாதாரண பேடில் அந்தத் தகடு இரும்பு. ஒரிஜினலிலும் காந்தம் ஒட்டத்தான் செய்யும். வி-பிரேக்கில் ரிம்மை இருபுறமும் கவ்வும் கைகள், லிவர் இவை அலுமினியம் என்று சொல்லி விற்றால் அங்கே காந்தம் உதவும். ஒட்டினால் கேள்வி கேளுங்கள். பிரேக் வயரிலும் அப்படித்தான்: ஸ்டெயின்லெஸ் என்று சொல்லி விற்றதில் காந்தம் ஒட்டினால் அது வெறும் இரும்புக் கம்பி.

ஹாலோகிராம் பற்றி அதிகம் சொல்ல ஒன்றுமில்லை. ஸ்டிக்கர் அடிப்பது பேட் அடிப்பதைவிடச் சுலபம்.

அக்டோபர் 8

எனக்கு ஏன் இதில் இவ்வளவு அக்கறை என்று ஒருவர் கேட்டார். காரணத்தைச் சொல்கிறேன்.

போன வருஷம் ஐப்பசி மழையில் நடந்தது. அக்கா மகன் பத்தாவது படிக்கிறான். அவன் சைக்கிளில் வி-பிரேக். முன் பிரேக் கட்டை தேய்ந்துபோய் இரும்பு தெரிந்ததால், ஒரு கடையில் பெயர் பெற்ற கம்பெனியின் கட்டை ஒரு ஜோடி வாங்கினேன். ரப்பரைத் தாங்கும் உலோகக் கேஸும் ரப்பரும் தனித்தனியாக வருகிற வகை அது, ரப்பர் தேய்ந்தால் ரப்பரை மட்டும் மாற்றிக்கொள்ளலாம். நானே மாட்டினேன்.

நாலாம் நாள் கண்மாய்க் கரையிலிருந்து ஊருக்குள் இறங்கும் சரிவில் வந்திருக்கிறான். நம் பக்கம் மலைப்பாதை கிடையாது, இறக்கம் என்றால் கண்மாய்க் கரைதான். அதன் அடியில் செம்மண் சேறு, ஒரு திருப்பம், திருப்பத்தில் ஒரு டீக்கடை. பிரேக்கைப் பிடித்ததும் வலது பக்கத்து ரப்பர் கேஸை விட்டு நழுவி வெளியே போய்விட்டது. வெறும் உலோகம் ரிம்மில் உரசிக் கிறீச்சிட்டதே தவிர வண்டி நிற்கவில்லை. டீக்கடை பெஞ்சில் மோதி விழுந்தான். முழங்கையில் ஏழு தையல். அக்கா ஒரு வாரம் என்னோடு சரியாகப் பேசவில்லை.

அன்று சாயங்காலமே அந்தக் கடைக்குப் போய், போலியை விற்றுவிட்டீர்கள் என்று நாலு பேர் முன்னால் கத்திவிட்டு வந்தேன். அவர் மறுத்தார். நான் காது கொடுக்கவில்லை.

இதனால்தான் புதுவயல் நண்பரின் கேள்வியைச் சும்மா விட முடியவில்லை.

அக்டோபர் 9

அக்டோபர் 6 இரவுப் பதிவில் ஒரு தவறு. வயர் பற்றி எழுதியது சரியில்லை.

மின்வேதியியல் ஆய்வகத்தில் வேலை பார்த்து ஓய்வு பெற்ற ஒரு பெரியவர் தனிச் செய்தியில் திருத்தினார். ஸ்டெயின்லெஸ் ஸ்டீலைக் கம்பியாக இழுக்கும்போது, குளிர்ந்த நிலையிலேயே இழுபட்டு உள்ளமைப்பு மாறி, காந்தத்துக்கு லேசாக ஒட்டும் தன்மை வந்துவிடுமாம். தகடாக இருக்கும்போது ஒட்டாத அதே உலோகம் கம்பியானதும் ஒட்டும். என்னிடம் சந்தேகமே இல்லாத ஒரு வயர் இருக்கிறது, சைக்கிளோடு வந்தது. வைத்துப் பார்த்தேன். ஒட்டுகிறது.

ஆக, வயருக்குக் காந்தச் சோதனை வேண்டாம். இவற்றைப் பாருங்கள். பிரேக் வயர் பொதுவாக 1.5 அல்லது 1.6 மி.மீ. தடிமன். கியர் வயர் 1.2 மி.மீ. பார்வைக்கு ஒன்று போலவே இருப்பதால் கியர் வயரைப் பிரேக்குக்குப் போட்டுவிடுகிறவர்கள் இருக்கிறார்கள். வயர் நுனியில் உள்ள குண்டைப் பிடித்துத் திருகிப் பாருங்கள், அது வயரோடு சேர்ந்துதான் சுற்ற வேண்டும், தனியாக ஆடக்கூடாது. மட்டமான வயரில் லிவருக்குள்ளே, குண்டுக்குப் பக்கத்தில்தான் ஒவ்வொரு இழையாக அறும். வெளியே தெரியாது. மாதம் ஒரு தடவை லிவரை முழுதாக அழுத்தி உள்ளே எட்டிப் பாருங்கள்.

வயர் ஓடும் உறையான அவுட்டரிலும் கவனம் வேண்டும். பிரேக் அவுட்டருக்குள் கம்பி ஸ்பிரிங் போலச் சுற்றியிருக்கும். கியர் அவுட்டருக்குள் கம்பிகள் நீளவாக்கில் ஓடும். கியர் அவுட்டரைப் பிரேக்குக்குப் போட்டால் இறுக்கிப் பிடிக்கும்போது பிளந்துகொள்ளும். இதற்கும் போலிக்கும் சம்பந்தமில்லை. அசல் கம்பெனி கியர் அவுட்டரும் பிளக்கும்.

அக்டோபர் 13

பக்கத்து வீட்டு அண்ணன் ஆத்தங்குடியில் டைல்ஸ் பட்டறையில் முப்பது வருஷம் வேலை பார்த்தவர். நேற்றுத் திண்ணையில் உட்கார்ந்து இந்தப் பேட் விஷயத்தை அவரிடம் சொல்லிக்கொண்டிருந்தேன். "தம்பி, மேலே பாக்காதே, ஓரத்தைப் பாரு" என்றார்.

ஆத்தங்குடிக் கல்லில் கண்ணாடித் தகட்டின் மேல் அச்சை வைத்து, கலர் கலந்த சிமெண்டை ஊற்றி, அதன் பின்னால் மணலும் சிமெண்டும் கொட்டி எடுப்பார்கள். சூளை கிடையாது. கல்லைப் பக்கவாட்டில் பார்த்தால் கலர் ஒரு அடுக்காகத் தெரியும். ஆத்தங்குடி டிசைன் என்று சொல்லி மெஷினில் அச்சடித்த பீங்கான் ஓட்டில் ஓரத்தைப் பார்த்தால் கலர் தோல் மாதிரிதான் இருக்கும். மேலே இரண்டும் ஒன்று போலிருக்கும்.

வீட்டுக்குள் போய், சைக்கிளோடு வந்த பழைய பேடையும் போன வருஷம் ஆன்லைனில் மலிவாக வாங்கி மாட்டாமல் வைத்திருந்ததையும் எடுத்து வந்து ஓரத்தைப் பார்த்தோம். பழையதில் உராயும் பொருள் தகட்டோடு இடைவெளியே இல்லாமல் உட்கார்ந்திருந்தது. மலிவானதில் ஒரு மூலையில் ரேஸர் பிளேடு நுனி உள்ளே போனது. தகட்டின் விளிம்பில் பிசிறு வேறு. பேடை ஏந்தி நிற்கும் கவ்வியான காலிப்பரில் வைத்துப் பார்த்தேன், பழையது தன் பாட்டுக்கு வழுக்கி உள்ளே போகிறது, மலிவானது சிக்குகிறது. அரம் போட்டுத் தேய்த்தால்தான் போகும் போலிருக்கிறது. பேட் காலிப்பருக்குள் லேசாக முன்னே பின்னே நகர வேண்டும். சிக்கினால் பிரேக் பிடித்தபடியே நிற்கும், இல்லையென்றால் ஒரு பக்கம் மட்டும் தேயும்.

இன்னொன்று. சில சிமானோ ரோட்டரில், அதாவது சக்கரத்தோடு சுற்றும் டிஸ்க் தகட்டில், 'ரெசின் பேட் ஒன்லி' (பிசின் வகைப் பேட் மட்டும்) என்று ஆங்கிலத்தில் பொறித்திருக்கும். அதில் உலோகத் தூள் பேடைப் போட்டால் ரோட்டர் சீக்கிரம் தேய்ந்துபோகும். புது ரோட்டர் 1.8 மி.மீ., 1.5-க்கு வந்துவிட்டால் மாற்ற வேண்டும். பேடில் உராயும் பொருள் 0.5 மி.மீ.க்கு வந்தால் மாற்ற வேண்டும். புதுவயல் நண்பரே, பேடை ஆராய்வதற்கு முன்னால் உங்கள் ரோட்டரில் என்ன எழுதியிருக்கிறது என்று பாருங்கள்.

அக்டோபர் 14

தேவகோட்டையிலிருந்து ஒருவர் கொஞ்சம் கோபமாக எழுதியிருக்கிறார். "எங்கள் அப்பா சைக்கிளுக்குப் பதினைந்து ரூபாய்க் கட்டைதான் போடுகிறோம், பெயரே இல்லாத கட்டை. அதையும் போலி என்பீர்களா?"

மாட்டேன். அதில் யார் பெயரும் இல்லை. லோக்கல் சாமான் என்று சொல்லித்தான் விற்கிறார்கள், தெரிந்துதான் வாங்குகிறீர்கள். இன்னொருவன் பெயரை ஒட்டி, அவன் விலையை வாங்கிக்கொண்டு கொடுத்தால்தான் போலி. லோக்கல் கட்டையிலும் நல்லது கெட்டது உண்டு. நகத்தால் அழுத்தினால் லேசாகப் பதிந்து திரும்ப வேண்டும். கல் மாதிரி இருந்தால் பழைய சரக்கு, வேண்டாம்.

உங்கள் அப்பாவின் சைக்கிள் கம்பி பிரேக் என்று நினைக்கிறேன். அதில் கட்டை ரிம்மின் பக்கத்தை அழுத்தாது, கீழிருந்து மேலே ஏறி ரிம்மின் உள்முகத்தை அழுத்தும். அந்த ரிம் நிக்கல் குரோம் பூசிய இரும்பு. நனைந்த இரும்பு ரிம்மில் எவ்வளவு உயர்ந்த ரப்பரும் வழுக்கத்தான் செய்யும். மழையில் பிரேக் பிடிக்கவில்லை என்று கட்டையை மாற்றி மாற்றிப் போட்டுப் பயனில்லை. முன்கூட்டியே லேசாகப் பிடித்து ரிம்மைத் துடைத்துவிட்டு அப்புறம் அழுத்தச் சொல்லுங்கள்.

அம்மாவுக்கு அரிமளம் பக்கம். 1992-ல் புதுக்கோட்டை மாவட்டத்தில் அறிவொளி இயக்கம் பெண்களுக்கு சைக்கிள் சொல்லிக்கொடுத்த நாட்களில் ஓட்டப் பழகியவர். நேற்று இதைப் படித்துக் காட்டினேன். "எங்களுக்கு முதல்ல சொல்லித் தந்ததே நிறுத்தத்தான், அப்புறம்தான் மிதிக்க" என்றார். வாடகை சைக்கிளில் பிரேக் பிடிக்காவிட்டால் செருப்பை டயரில் வைத்து அழுத்துவார்களாம்.

அதே பேச்சில் ஐயா நினைவும் வந்தது. ஹெர்குலிஸ் சைக்கிள் செய்யும் முருகப்பா குடும்பத்து டிஐ சைக்கிள்ஸ் அம்பத்தூரில் 1949-ல் தொடங்கியது. அந்தக் குடும்பத்துக்குப் பூர்வீகம் நம் பள்ளத்தூர். அதனால் ஐயா ஹெர்குலிஸைத் தவிர வேறு சைக்கிளைத் தொட மாட்டார், "பள்ளத்தூர்க்காரர் வண்டி" என்பார். கட்டை மட்டும் லோக்கல்தான் போட்டார். நாற்பது வருஷம் ஓட்டினார்.

அக்டோபர் 16

கோட்டையூரிலிருந்து ஒரு கேள்வி: செங்கல் நிறத்தில் பிரேக் கட்டை பார்த்தாராம், அதில் என்ன விசேஷம் என்கிறார்.

கூல்ஸ்டாப் என்ற அமெரிக்கக் கம்பெனியின் கட்டை அந்த நிறத்தில் பேர் வாங்கியது. அதில் இரும்பு ஆக்சைடு கலப்பதால் அந்த நிறம், ஈரத்தில் நன்றாகப் பிடிக்கும். நம் செம்மண்ணுக்கும் செம்புராங்கல்லுக்கும் அதே இரும்பு ஆக்சைடுதான் நிறம் கொடுக்கிறது. ஆனால் ரப்பரில் எந்தச் சாயத்தையும் கலக்கலாம். நிறத்தை மட்டும் பார்த்து வாங்க வேண்டாம்.

அக்டோபர் 21

இதை எழுதக் கஷ்டமாக இருக்கிறது. எழுதித்தான் ஆக வேண்டும்.

அக்டோபர் 8-ம் தேதி பதிவைப் படித்துவிட்டு, பழைய சைக்கிள் கடைக்காரர் ஒருவர் கேட்டனுப்பினார்: "அந்தக் கேஸ் இன்னும் இருக்கா? இருந்தா எடுத்துட்டு வாங்க." டிராயரில் போட்டு வைத்திருந்தேன். இரண்டு கேஸையும் கொண்டுபோனேன். அவர் கையில் வாங்கி ஒரே ஒரு தடவை திருப்பிப் பார்த்தார். ஒன்றில் எல், மற்றதில் ஆர் என்று சின்னதாகப் பொறித்திருந்தது. "எதை எந்தப் பக்கம் மாட்டினீங்க?" என்றார்.

கேஸின் ஒரு முனை மூடியிருக்கும், மறுமுனை திறந்திருக்கும், ரப்பரை அந்த வழியாகத்தான் நுழைப்பார்கள். மூடிய முனை வண்டியின் முன்பக்கம் பார்க்க வேண்டும். பிரேக் பிடிக்கும்போது ரிம் முன்னோக்கிச் சுழன்று ரப்பரையும் முன்னால் இழுக்கும், மூடிய முனை அதைத் தாங்கிக்கொள்ளும். நான் இடதையும் வலதையும் மாற்றி மாட்டியிருக்கிறேன். திறந்த முனை முன்னால். ரப்பரைக் கேஸில் பிடித்துவைக்கிற குட்டி ஊசி ஒன்று உண்டு. வலது கேஸில் அது இல்லை. மாட்டும்போது பாக்கெட்டிலேயே விட்டிருப்பேன் என்று நினைக்கிறேன். இடதில் ஊசி இருந்ததால் அந்தப் பக்கத்து ரப்பர் நின்றது.

அவர் தன் கடையிலிருந்து அதே கம்பெனியின் புது ஜோடியை எடுத்துப் பக்கத்தில் வைத்தார். எழுத்தின் ஆழம், போல்ட், குழிந்ததும் குவிந்ததுமான வாஷர்கள், அவற்றில் ஒரு ஜோடி தடிமனாகவும் ஒரு ஜோடி மெல்லிசாகவும் இருப்பது, எல்லாம் பொருந்தின. ஒரிஜினல்தான்.

அக்கா மகன் விழுந்தது என் தவறால். அதற்கு ஒரு மனிதரை நாலு பேர் முன்னால் திட்டினேன். இன்று சாயங்காலம் அந்தக் கடைக்குப் போய், அங்கே ஆள் நிற்கும் நேரம் பார்த்தே, நடந்ததைச் சொல்லி மன்னிப்புக் கேட்டேன். "பையன் கை எப்படி இருக்கு?" என்று மட்டும்தான் கேட்டார்.

அக்டோபர் 22

உடனே ஒருவர் எழுதிவிட்டார், அப்படியென்றால் போலி என்பதே கிடையாது, எல்லாம் மாட்டுகிறவர் தவறுதானா என்று. இல்லை. அதே பழைய கடைக்காரர் ஒரு டப்பாவைக் காட்டினார். கேஸ் இல்லாமல் ரப்பருக்குள்ளேயே போல்ட்டை வார்த்த கட்டைகள், மேலே பெரிய கம்பெனிப் பெயர். நாலைந்தில் போல்ட் ரப்பரை விட்டுக் கழன்று தனியாக வந்திருந்தது. உடைத்துப் பார்த்தால் உள்ளே தகடே இல்லை, போல்ட்டின் தலை மட்டும் ரப்பரில் புதைந்திருக்கிறது. வாஷர்கள் எல்லாம் சப்பை. அவற்றை எந்தப் பக்கம் எப்படி மாட்டினாலும் பலன் ஒன்றுதான்.

ஒரிஜினலையே போலி என்று தூக்கிப்போட வைக்கிற காரணங்களையும் அவர் சொன்னார். கிறீச் சத்தம் வந்தால் போலி என்பார்கள். பெரும்பாலும் கட்டையின் முன்முனை முதலில் தொடும்படி வைக்காததுதான் காரணம். ரிம்மைக் கீறினால் போலி என்பார்கள். எந்த ரப்பரிலும் மணலும் அலுமினியத் துணுக்கும் ஏறும், குண்டூசியால் குத்தி எடுக்க வேண்டும். புது டிஸ்க் பேட் பிடிக்கவில்லை என்பார்கள். ஓட்டி, வேகத்தைக் குறைத்து, மறுபடி ஓட்டி, இருபது முப்பது தடவை செய்து பழக்கினால்தான் பிடிக்கும். செயினுக்கு எண்ணெய் விடும்போது ரோட்டரில் தெறித்திருந்தால் எந்தப் பேடும் பிடிக்காது.

ஆயில் பிரேக்காக இருந்தால் இன்னும் கவனம். சிமானோவுக்கு மினரல் ஆயில், பொதுவாகச் சிவப்பாக இருக்கும். பைக்குக்குப் போடுகிற டாட் 4 ஆயிலை அதில் ஊற்றிவிட்டால் உள்ளே ரப்பர் சீல் ஊதிப்போய் லிவர் திரும்பாது. அப்போதும் பழி பாகத்தின் மேல்தான் விழுகிறது.

நவம்பர் 2

புதுவயல் நண்பர் பேடை எடுத்துக்கொண்டு நேரிலேயே வந்துவிட்டார். காரைக்குடி பழைய கடைக்காரரின் பட்டறையில் மூன்று பேரும் உட்கார்ந்து பார்த்தோம்.

அவர் எழுப்பிய மூன்று சந்தேகமும் பொருளற்றவைதான். ஆனால் பேட் போலிதான்.

முதலில் அட்டை. பாக்கெட்டில் அடைத்து விற்கிற பொருளுக்கு 2011-ம் வருஷத்து விதிகள் இருக்கின்றன. இறக்குமதிச் சாமான் என்றால் இந்தியாவில் இறக்குமதி செய்தவரின் பெயரும் முகவரியும், எம்.ஆர்.பி., மாதம் வருஷம், புகாருக்குத் தொடர்பு எல்லாம் இருக்க வேண்டும். இவருடைய அட்டையில் ஒன்றுமே இல்லை. அது ஒன்றை மட்டும் வைத்து முடிவுக்கு வரவில்லை, ஒர்க்‌ஷாப்புக்கென்று பெரிய பெட்டியில் வருவதை உதிரியாகக் கொடுப்பதும் உண்டு. ஆனால் உதிரிக்குத் தனி அட்டை எதற்கு?

அப்புறம் ஓரம். ஒரு பேடில் தகட்டுக்கும் உராயும் பொருளுக்கும் நடுவே முடி அளவு கோடு, மூலையில் பிளேடு இறங்கியது. இரண்டு பேடையும் முதுகோடு முதுகு வைத்தால் தகட்டின் காதுகள் (வெளியே நீளும் முனைகள்) ஒன்றோடொன்று பொருந்தவில்லை, ஒன்று அரை மில்லி நீண்டிருந்தது. கடைக்காரர் தன்னிடமிருந்த அதே மாடல் ஜோடியை வைத்துக் காட்டினார், அவை அச்சில் வார்த்தது போல ஒன்றின் மேல் ஒன்று உட்கார்ந்தன. இவருடையது காலிப்பருக்குள் சிக்கியது.

பில் இருக்கிறதா என்று கேட்டோம். இல்லை. விற்றவரிடம் மூன்று பேருமாகவே போனோம். இந்தத் தடவை நான் குரலை உயர்த்தவில்லை. இரண்டு ஜோடியையும் அவர் கையிலேயே கொடுத்து ஓரத்தைப் பார்க்கச் சொன்னோம். வெகுநேரம் பார்த்தார். வெளியூரிலிருந்து பையில் கொண்டுவந்து தருகிற ஒருவரிடம் பில் இல்லாமல் வாங்கினாராம், விலை குறைவு என்று. பணத்தைத் திருப்பிக் கொடுத்து, மீதியிருந்த ஏழு ஜோடியையும் கொக்கியிலிருந்து கழற்றினார்.

திருப்பித் தர மறுக்கிற இடத்தில் 1915 என்ற தேசிய நுகர்வோர் உதவி எண்ணைக் கூப்பிடலாம். போலி வணிகப் பெயரோடு விற்பது 1999-ம் வருஷத்து வணிகக் குறிச் சட்டப்படி சிறை வரைக்கும் போகிற குற்றம். எந்தச் சாமானின் பாக்கெட்டிலாவது ஐ.எஸ்.ஐ. முத்திரை இருந்தால், மேலே ஐ.எஸ். எண்ணும் கீழே சிஎம்/எல் என்று தொடங்கும் உரிம எண்ணும் இருக்க வேண்டும். அந்த உரிம எண்ணை பிஐஎஸ் கேர் செயலியில் போட்டால் யாருக்குக் கொடுத்தது என்று காட்டும். எண் இல்லாத முத்திரையை நம்ப வேண்டாம்.

நவம்பர் 3

நேற்று எழுத விட்டது: அவருடைய ரோட்டரில் 'ரெசின் பேட் ஒன்லி' என்று இருந்தது. போலிக்குப் பதிலாகப் புதிதாக வாங்கிய ஜோடி ரெசின்தான்.

நவம்பர் 9

புதுவயல் நண்பர் அனுப்பிய செய்தி: கண்மாய்க் கரை ரோட்டில் காலையில் ஆள் நடமாட்டம் இல்லாத நேரம் பார்த்து மகளை ஓட்டச் சொல்லி, முப்பது தடவை பிடித்து விட்டுப் பழக்கினாராம். பத்தாவது தடவை வரைக்கும் ஒன்றும் தெரியவில்லை, இதுவும் போலியோ என்று பயந்துவிட்டேன் என்கிறார். இருபதுக்கு மேல் பிடிக்க ஆரம்பித்திருக்கிறது. பில்லை மடித்து சீட்டுக்கு அடியில் பிளாஸ்டிக் கவரில் வைத்திருக்கிறாராம்.

அக்கா மகனும் நேற்று வந்திருந்தான். கேஸை நான் கழற்றிக் கொடுத்தேன், எல்லும் ஆரும் பார்த்து அவனே மாட்டினான், ஊசியையும் போட்டான். சரிவில் இறங்கிப் பார்க்கட்டுமா என்று கேட்டான். நான் கீழே திருப்பத்தில் போய் நின்றுகொண்டேன்.